முறுக்கு சுட்ட எண்ணெயை என்ன செய்கிறீர்கள்?

கடலை எண்ணெயா, நல்லெண்ணெயா, சூரியகாந்தியா என்று கடையில் பத்து நிமிடம் நின்று யோசிக்கிறோம். பூரி சுட்டு முடித்ததும் அந்த எண்ணெயை இரும்புச் சட்டியிலேயே தட்டு போட்டு மூடி வைக்கிறோம். மறுநாள் அதிலேயே அப்பளம், அதற்கடுத்த நாள் வடை. குறையக் குறையப் புது எண்ணெய் சேர்கிறது. எவ்வளவு நல்ல எண்ணெய் வாங்கினாலும் அது கெடுவது இந்த இடத்தில்தான்.

பலகாரம் பொரிவது 170 முதல் 180 டிகிரி செல்சியஸ் சூட்டில். அந்தச் சூட்டில் மாவிலிருக்கும் தண்ணீர் கொழுப்பை உடைத்துப் புளிப்பேற்றுகிறது. காற்று பட்டு எண்ணெய் காறத் தொடங்குகிறது. உடைந்த துணுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசினாகின்றன. சட்டியின் ஓரத்தில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத பழுப்புப் பிசுக்கு படிகிறதே, அது அந்தப் பிசின்தான். சட்டியில் ஒட்டியது போக மிச்சம் எண்ணெயிலும் வடையிலும் இருக்கிறது. இப்படிச் சேரும் சிதைவுப் பொருள்களுக்கு ‘மொத்த போலார் சேர்மங்கள்’ என்று பெயர். இவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயை உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதை அளக்கும் கருவி வீட்டில் கிடையாது. கண்ணும் மூக்கும் போதும். நுரை பொடிப்பொடியாகக் கிளம்பி அடங்காமல் நின்றாலும், எண்ணெய் கரண்டியிலிருந்து தேன் மாதிரி இறங்கினாலும், மாவு போடும் முன்பே புகைந்து தொண்டையைக் கமறினாலும் அதைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

பழையதில் புதியதை ஊற்றுவது இரட்டைத் தவறு. பழைய எண்ணெயில் உள்ள சிதைவுப் பொருள்கள் புது எண்ணெயையும் சீக்கிரம் கெடுத்துவிடும். இரும்பும் செம்பும் எண்ணெய் காறுவதை வேகப்படுத்தும் உலோகங்கள் என்பதால் சட்டியிலேயே விட்டு வைப்பதும் கூடாது. நேந்திரம் சிப்ஸுக்குக் கொதிக்கும் எண்ணெயில் உப்புத் தண்ணீர் தெளிப்பார்கள். அந்த எண்ணெய் மற்றதைவிட வேகமாகக் கெடும்.

வாயகன்ற பெரிய சட்டிக்கு அரை லிட்டருக்கு மேல் பிடிக்கும். குறுகலான, குழிந்த சட்டியில் 250 மில்லி போதும். காற்றுப் படும் பரப்பும் குறைவு. சுட்டு முடித்ததும் ஆறவிட்டு, கருகிய தூளெல்லாம் நிற்கும்படி மெல்லிய துணியில் வடிகட்டி, மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரத்தில் வையுங்கள். ஓரிரு நாளில் குழம்புக்கோ தாளிப்புக்கோ தீர்த்துவிடுங்கள். மறுபடி பொரிக்க வேண்டாம். மிஞ்சியதைத் தொட்டித் துவாரத்தில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்; பழைய பாட்டிலில் ஊற்றி இறுக மூடிக் குப்பையில் போடுங்கள்.

அடுத்தது அளவு. “செக்கு எண்ணெய்தானே, தாராளமாக ஊற்று” என்பது இப்போது அதிகம் கேட்கும் பேச்சு. செக்கில் ஆட்டினாலும் ஆலையில் சுத்திகரித்தாலும் ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரிதான். உடலுழைப்பு குறைந்த ஆணுக்கு நாளைக்கு 25 கிராம், பெண்ணுக்கு 20 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லும் அளவு. நெய்யும் வெண்ணெயும் இதற்குள்ளேயே அடக்கம். 5 மில்லி ஸ்பூன் ஒன்றில் சுமார் நாலரை கிராம் எண்ணெய் நிற்கும். தோசைக்கு ஒரு ஸ்பூன் வீதம் நாலு தோசை, இட்லிப் பொடி குழைக்க இரண்டு ஸ்பூன் என்றால் 27 கிராம்; ஒரு நாள் கணக்கு காலையிலேயே முடிந்துவிட்டது. பெரியவர்கள் நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் மூன்று லிட்டரைத் தாண்டக் கூடாது. பாக்கெட் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதி வைத்தால் உண்மை தெரிந்துவிடும்.

‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று லேபிளில் பார்த்து வாங்குவதில் பயனில்லை. கொலஸ்ட்ரால் விலங்குப் பொருளில்தான் இருக்கும். விதையிலும் காயிலும் எடுத்த எந்த எண்ணெயிலும் அது பேருக்குக்கூட இருக்காது. பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பு என்ற வரியை. ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றிவிடுவது அதுதான். தேங்காய் எண்ணெயில் அது சுமார் 90 சதவீதம், நெய்யில் 60-க்கு மேல், ரேஷனில் வாங்கும் பாமாயிலில் ஏறத்தாழ 40. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் 15 முதல் 20 வரை. சூரியகாந்தியில் 11 அளவில்தான். அதற்காக எல்லாவற்றுக்கும் சூரியகாந்தி என்றும் போகக் கூடாது. சாதாரண சூரியகாந்தி எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலிக் அமிலம் என்ற, சூட்டில் எளிதில் உடையும் கொழுப்பு; திரும்பத் திரும்பச் சூடேற்றினால் கடலை எண்ணெயைவிடச் சீக்கிரம் உடையும். பொரிக்கக் கடலை எண்ணெய், குழம்புக்கும் பொடிக்கும் நல்லெண்ணெய், அவியலை இறக்கும்போது ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் என்று பிரித்துக்கொள்வது நாக்குக்கும் சரி, இதயத்துக்கும் சரி.

செக்கு எண்ணெய் பிரியர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளாடாக்ஸின் என்ற நச்சு உண்டாகும்; அது கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். சுத்திகரிக்கும்போது இந்த நச்சு பெருமளவு நீங்கிவிடும், செக்கில் ஆட்டும்போது எண்ணெயோடு வந்துவிடும். சொந்தமாக ஆட்டக் கொடுப்பவர்கள் சுருங்கியது, கறுத்தது, பச்சை படர்ந்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டு, நன்றாகக் காயவைத்துக் கொடுங்கள். ஆட்டி வந்த எண்ணெயைத் தெளியவிட்டு மேலாக ஊற்றிக்கொள்ளுங்கள்; அடியில் தங்கும் கசடுதான் முதலில் கருகும்.

எண்ணெயை வனஸ்பதி மாதிரி கெட்டியாக்கும்போது உண்டாகும், இதயத்துக்கு ஆகாத கொழுப்புக்கு டிரான்ஸ் கொழுப்பு என்று பெயர். எண்ணெயிலும் கொழுப்பிலும் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாதென்று 2022 ஜனவரி முதல் விதி இருக்கிறது. என்றாலும் வனஸ்பதி வீட்டுக்குத் தேவையே இல்லை.

அடுப்புக்குப் பக்கத்தில் கண்ணாடி பாட்டிலில் எண்ணெய் வைத்தால் வெளிச்சமும் சூடும் சேர்ந்து காற வைத்துவிடும். அலமாரிக்குள் வைத்து, ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுங்கள். உள்ளங்கையில் ஒரு சொட்டு தேய்த்து மோந்தால் பழைய கடலை வாடையோ வண்ணப்பூச்சு வாடையோ வந்தால் விளக்குக்கு ஒதுக்கிவிடலாம். கடையில் வாங்கும் தீப எண்ணெயை மட்டும் சமையலறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். அது சாப்பிடத் தயாரித்ததல்ல, அவசரத்தில் பாட்டில் மாறிவிடும்.