தனியாகக் கன்சல்டிங் தொடங்குகிறீர்களா? முதல் வேலையை இப்படிச் செய்யுங்கள்

கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஆலோசகராகப் போகிறேன் என்று வருபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது வெப்சைட் பற்றியும் ஃபீஸ் பற்றியும்தான். ஃபீஸுக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் பழக வேண்டியது ஒன்று உண்டு: வாடிக்கையாளர் சொல்லும் பிரச்சினையை அவர் சொன்னபடியே வாங்கிக்கொள்ளாமல் இருப்பது.

அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. அவருக்கு வலிக்கும் இடம் தெரியும், அவ்வளவுதான். ஆனால் பெரும்பாலும் வரும்போதே மருந்தையும் முடிவு செய்துகொண்டு வருவார். "எங்களுக்குப் புது மென்பொருள் வேண்டும், எதை வாங்கலாம் சொல்லுங்கள்" என்பார். அங்கேயே மென்பொருள்களை ஒப்பிட உட்கார்ந்துவிட்டால் ஆலோசகர் தேவையில்லை, விற்பனைப் பிரதிநிதியே போதும்.

முதல் சந்திப்பில் உங்கள் அனுபவத்தை விவரிக்காதீர்கள். கேளுங்கள். இது இத்தனை நாள் இருந்த பிரச்சினைதானே, இப்போது ஏன் அவசரமாயிற்று? இதற்கு முன் என்ன செய்து பார்த்தீர்கள்? இது சரியானால் எந்த எண் மாறும்? மூன்றாவது கேள்விக்குப் பலர் திணறுவார்கள். திணறட்டும். அந்த எண் என்னவென்று இருவரும் ஒத்துக்கொள்ளாமல் தொடங்கிய வேலை முடிந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. அப்புறம், உங்கள் அறிக்கையை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போடுபவர் யார் என்பதையும் அன்றே தெரிந்துகொள்ளுங்கள். அழைத்தவரும் முடிவெடுப்பவரும் ஒருவராகவே இருப்பார் என்று நினைக்க வேண்டாம்.

பேசியதை ஒரே பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். கேள்வி என்ன, நீங்கள் எதைக் கையில் கொடுப்பீர்கள், எந்தத் தேதிக்குள், அவர்கள் தர வேண்டிய தரவுகள் என்னென்ன, பணம் எத்தனை தவணையில். இதையெல்லாம் எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். பலர் விட்டுவிடுவது "இதில் சேராதவை" என்ற பகுதி. பரிந்துரை தருவது மட்டுமா, நடைமுறைப்படுத்துவதும் சேர்த்தா? ஊழியர் பயிற்சி உண்டா? ஒரு கிளைக்கா, எல்லாக் கிளைகளுக்குமா? நடுவில் "இதையும் கொஞ்சம் பார்த்துவிடுங்களேன்" என்பார்கள். முகத்தைச் சுளிக்காமல், "சரி, செய்யலாம், அதற்குத் தனியாக ஒரு பக்கம் அனுப்புகிறேன்" என்று சொல்லப் பழகுங்கள். அந்தப் பக்கத்தை அனுப்பியதும் பாதிக் கோரிக்கைகள் காணாமல் போய்விடும்.

இனி ஃபீஸ். மாதச் சம்பளத்தை 22 வேலை நாட்களால் வகுத்து அதுதான் ஒரு நாள் கட்டணம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். வருஷத்துக்கு 52 வாரம், வாரத்துக்கு 5 நாள் என்றால் 260 நாள். பண்டிகை, விடுப்பு, உடம்பு முடியாத நாள் என 40 போனால் 220. அதிலும் புது வேலை தேடுவது, ப்ரபோசல் எழுதுவது, கணக்கு வழக்கு, படிப்பது எல்லாம் போக 60 சதவீதம் பில் போட முடிந்தால் 132 நாள். வருஷ வருமானத்தோடு காப்பீடு, ஓய்வுக்காலச் சேமிப்பு, லேப்டாப் எல்லாவற்றையும் கூட்டி, அதை 132-ஆல் வகுங்கள். வரும் எண் பயமாக இருக்கும். இருந்தாலும் அதற்குக் கீழே இறங்க வேண்டாம். மணிக்கு இவ்வளவு என்று வாங்கினால் இழுத்தடிக்கிறாரோ என்று வாடிக்கையாளருக்குச் சந்தேகம் வரும், மொத்தமாகப் பேசினால் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நமக்கு ஆசை வரும். எல்லை தெளிவாக இருக்கும் வேலைக்கு மொத்தத் தொகையும் முன்பணமும்தான் என் பழக்கம்.

வேலை தொடங்கியதும் எக்செல்லைத் திறக்காதீர்கள். ஒரே ஒரு பொருளை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை பின்தொடருங்கள். உதிரிபாகங்கள் விற்கும் நிறுவனம் ஒன்றில், கிடங்கு மெதுவாக இருக்கிறது, அதற்கு மென்பொருள் வேண்டும் என்றார்கள். நான் ஒரு ஆர்டரைப் பிடித்தேன். திங்கள் காலை பத்து மணிக்கு வந்தது, பதினொன்றுக்குள் பதிவாகிவிட்டது. பிறகு கடன் வரம்புக்கான ஒப்புதல், அதாவது அந்த வாடிக்கையாளருக்குக் கடனில் சரக்கு தரலாமா என்பது. ஒப்புதல் தருபவர் பட்டியலை நாளைக்கு ஒருமுறைதான் பார்ப்பார், திங்களன்று அதற்குள் பார்த்து முடித்திருந்தார், செவ்வாய் அன்று அவர் வெளியூரில். புதன் மதியம் ஒப்புதல் கிடைத்தது. கிடங்கில் எடுத்து, சரிபார்த்து, பெட்டி கட்டி முடிக்க இரண்டு மணி நேரம். வண்டி காலையில் மட்டும்தான் கிளம்பும் என்பதால் வியாழன் போனது. அந்த மூன்று நாளில் கிடங்கின் பங்கு இரண்டே மணி நேரம்.

ஒரு ஆர்டரை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனால் எந்தக் கேள்வியோடு எக்செல்லுக்குப் போவது என்பதை அது சொல்லிக்கொடுக்கும். சில மாத ஆர்டர்களின் நேரப் பதிவுகளை வாங்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையில் எவ்வளவு நேரம் போனது என்று கணக்கிடுங்கள். சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். நடு மதிப்பையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்), மிகத் தாமதமான பத்தில் ஒரு பங்கையும் தனியாகப் பாருங்கள். அந்த உதிரிபாக நிறுவனத்தில் தாமதமான பங்கு முழுக்க ஒப்புதலுக்காகக் காத்திருந்தவைதான்.

ஒப்புதல் தருபவரைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். அந்த விதி எப்போது, எதற்காக வந்தது என்று கேளுங்கள். முன்பு ஒரு பெரிய வாடிக்கையாளர் பணம் தராமல் போனதால் வந்த விதி அது. ஆகவே விதியை நீக்கச் சொல்லவில்லை. பாக்கி ஏதும் இல்லாதவர்களின் சிறிய ஆர்டர்கள் ஒப்புதல் இல்லாமலே போகட்டும் என்றேன். மென்பொருள் வாங்க வேண்டியிருக்கவில்லை.

இத்தகைய தகவல்கள் மேஜைக்கு மேஜை உட்கார்ந்து பேசினால்தான் கிடைக்கும். யார் சொன்னார் என்பதை அறிக்கையில் எழுதாதீர்கள், வாய்தவறியும் சொல்லாதீர்கள்.

அறிக்கை எழுதுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முடிவு முதல் பத்தியில் வர வேண்டும், காரணங்கள் அதன் கீழே. நாம் அலைந்த கதையை வரிசையாக எழுதத்தான் கை போகும். அதைப் பின்னிணைப்புக்குத் தள்ளுங்கள்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். நீங்கள் பரிந்துரைக்கும் பொருளை விற்பவரிடம் கமிஷன் வாங்காதீர்கள். ஏற்கெனவே தொடர்பு இருந்தால் முதல் நாளே எழுத்தில் சொல்லிவிடுங்கள். அமெரிக்காவில் கணக்கு மோசடியால் என்ரான் என்ற எரிசக்தி நிறுவனம் வீழ்ந்த பிறகு 2002-இல் வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் தணிக்கையாளர்கள் அதே நிறுவனத்துக்குப் பல வகை ஆலோசனை வேலைகளைச் செய்யத் தடை போட்டது. ஒரே இடத்தில் இரண்டு பக்கமும் காசு வாங்கினால் பார்வை கோணும் என்பதுதான் காரணம். நம்மைப் போன்ற தனி ஆட்களை அந்தச் சட்டம் பிடிக்காவிட்டாலும் காரணம் அதேதான்.

கிளம்பும்போது கணக்கிட்ட கோப்புகளை சூத்திரங்களோடு அப்படியே ஒப்படைத்துவிடுங்கள். அடுத்த மாத எண்களை அவர்களில் ஒருவர் உங்கள் எதிரில் ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். கடைசித் தவணைக்கான இன்வாய்ஸை அன்று மாலையே அனுப்பிவிடுங்கள். வேலை முடிந்து வாரங்கள் போனால், அதே தொகை அவர்களுக்குப் பெரிதாகத் தெரிய ஆரம்பித்துவிடும்.