பூனைக்கு வீட்டுக்குள் புல் வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோதுமையைத் தூவித் தண்ணீர் தெளித்தால் ஒரு வாரத்தில் பச்சை தெரிந்துவிடும். ஆனால் அந்தப் புல்லைப் பூனை மென்று விழுங்கப்போகிறது என்பதைப் பலர் விதை வாங்கும்போதே மறந்துவிடுகிறார்கள்.

எனக்குத் தெரிந்து ஆபத்தான தவறு அதுதான். வயலில் விதைப்பதற்காக விற்கப்படும் விதைகளில் பூஞ்சைக்கொல்லி கலந்து விதைநேர்த்தி செய்திருப்பார்கள். சிவப்பு, பச்சை என்று சாயம் ஏறிய விதையைத் தொடவே வேண்டாம். சாயம் இல்லாவிட்டாலும் உறையில் உள்ள குறிப்பைப் படியுங்கள். உண்பதற்கான முழுக் கோதுமையே போதும். தீட்டிய பார்லியும் தட்டையாக்கிய ஓட்ஸும் முளைக்காது.

அடுத்தது தண்ணீர். வாடிப்போவதைவிட அழுகிப்போகும் தொட்டிகளே அதிகம். விதையை ஓர் இரவு ஊறவைத்து, நீரை வடித்து, ஈர மண்மேல் ஒரே அடுக்காகப் பரப்பி, மேலே மெல்லிதாக மண் தூவுங்கள். அடியில் துளையில்லாத தொட்டியில் விதைமேல் விதையாகக் கொட்டி இருவேளையும் நீர் ஊற்றினால், முளைக்கு முன்னால் பூசணம் வந்துவிடும். விரலால் தொட்டுப் பார்த்து, மேல்மண் காயத் தொடங்கிய பிறகு ஊற்றினால் போதும்.

முளைவிட்ட இரண்டொரு நாளில் வேரைச் சுற்றி வெண்பஞ்சுபோல் ஏதோ தெரியும். பூசணம் என்று பதறி நல்ல தொட்டியைக் கொட்டிவிடுபவர்களும் உண்டு. உண்மையான பூசணத்தை வேர் என்று விட்டுவைப்பவர்களும் உண்டு. கொஞ்சம் நீர் தெளித்துப் பாருங்கள். வேரில் இயல்பாக வளரும் நுண்ணிய மயிரான வேர்த்தூவி என்றால் வேரோடு ஒட்டிப் படிந்து மறையும். பூசணம் விதைக்கு விதை இழையோடிப் பரவியிருக்கும், முடை நாற்றம் அடிக்கும். பூசணம் என்றால் மேலாகத் துடைத்துவிட்டுக் கொடுக்க வேண்டாம். தொட்டியை முழுவதும் காலி செய்யுங்கள்.

உரம் தேவையே இல்லை. வளரும் அந்தச் சில நாட்களுக்கான சத்து விதையிலேயே இருக்கிறது. வெளிச்சமுள்ள ஜன்னலோரம் வேண்டும். இருட்டில் வெளிறி, நீண்டு, சாய்ந்துவிடும்.

புல் 10 சென்டிமீட்டர் உயரம் வருமுன் பூனையிடம் வைத்தால் வேரோடு பிடுங்கிவிடும். இலேசான பிளாஸ்டிக் கிண்ணம் கவிழும். அகலமான, கனமான தொட்டியே நல்லது. இரண்டு மூன்று வாரத்தில் புல் பழுக்கும். வெட்டி வெட்டி ஓட்டுவதைவிட, வாரம் ஒரு தொட்டி விதைத்து வருவது மேல்.

லில்லிச் செடி இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். அதன் இலை, பூ, மகரந்தம், ஜாடியில் நிற்கும் நீர்கூடப் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். புல்லுக்குப் பக்கத்தில் என்றில்லை, வீட்டிலேயே அது இருக்கக் கூடாது.

புல் தின்ற பூனை எப்போதாவது வாந்தி எடுப்பது இயல்பு. அடிக்கடி எடுத்தாலோ, உணவை ஒதுக்கினாலோ, புல் தின்ற பிறகு விடாமல் தும்மினாலோ கால்நடை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். புல் இழை மூக்கின் பின்பக்கம் சிக்கியிருக்கலாம்.