இரவில் கோழிக் கொட்டகையில் காது கொடுத்துக் கேளுங்கள்

கோழிகளின் தொற்று மூச்சுக்குழல் அழற்சி ஒருவகைக் கொரோனா வைரஸால் வருவது. தொற்றிய 18 முதல் 36 மணி நேரத்தில் அறிகுறி தெரியும். பகல் இரைச்சலில் கோழியின் மூச்சு ஒலி காதில் விழாது. இரவில் விளக்கை அணைத்து, ஐந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். தொண்டையில் சளி உருளும் ‘கர்ர்’ ஒலி கேட்டால் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். முட்டையை உடைத்தும் பாருங்கள்: நோய் இருந்தால் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடும், முட்டை ஓட்டில் சுருக்கம் விழுந்திருக்கும்.

வைரஸைக் கொல்ல மருந்து இல்லை. ஆன்டிபயாடிக் பின்னால் வரும் பாக்டீரியாவுக்கு மட்டுமே. தடுப்பூசிதான் காவல். அதைக் குடிநீரில் கலப்பதானால் குளோரின் தண்ணீர் கூடவே கூடாது. குளோரின் தடுப்பூசியையே கொன்றுவிடும்.