பிடிஎஃப் செயலிக்கு ஒரு ஃபோல்டர் மட்டும் திறந்தால் போதும்

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் இன்வாய்ஸ், லாரி ரசீது, சம்பளப் பட்டியல் எல்லாம் ஒரே கூகுள் டிரைவில் கிடக்கும். அதைப் பிடிஎஃப் செயலியோடு இணைக்கும்போது வரும் 'அனுமதி' பட்டன் பெரும்பாலும் டிரைவ் முழுவதையும் திறந்துவிடும். அங்கே ஃபோல்டர் பார்த்துக் கொடுக்க வழியில்லை.

அதனால் ஆபீஸுக்கென்று தனி ஜிமெயில் தொடங்குங்கள். இன்வாய்ஸ் ஃபோல்டரை மட்டும் அதற்கு 'எடிட்டர்' உரிமையோடு பகிர்ந்து, செயலியில் அந்தக் கணக்கையே சேருங்கள். 'வியூவர்', 'கமென்டர்' என்று கொடுத்தால் ஃபைல் திறக்கும், சேமிக்கும்போது மறுக்கும். செயலியைக் குறை சொல்லிப் பயனில்லை. பகிரும் பெட்டியில் பல்சக்கரத்தைத் தட்டி, எடிட்டர்கள் வேறு யாருக்கும் பகிரலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். பலர் விடுவது இதைத்தான்.

ஃபோல்டர் செயலியில் தெரியவில்லையா? பல செயலிகள் 'மை டிரைவ்' மட்டுமே காட்டும். புதுக் கணக்கில் பிரவுசர் வழியாக நுழைந்து, 'ஷேர்டு வித் மீ' பகுதியில் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, 'மை டிரைவ்'-இல் ஷார்ட்கட் போடுங்கள்.

புதுக் கணக்கிலிருந்து ஏற்றும் ஃபைல்கள் அதன் இலவச 15 ஜிபியில்தான் கணக்காகும். அது சீக்கிரம் நிரம்பாமல் இருக்க, ஸ்கேன்களை 300 டிபிஐக்கு (ஸ்கேன் தெளிவின் அளவு) மேல் எடுக்காதீர்கள், பில்லுக்கு அது தாராளம்.