திருகோணமலையில் பழைய ஜீப் வாங்குவதென்றால்

கனடாவிலோ சுவிஸிலோ பல வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்களும், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து உவர்மலைப் பக்கம் வீடு எடுத்தவர்களும் முதல் மாதமே கேட்கிற கேள்வி ஒன்றுண்டு: "அண்ணை, நல்ல ஜீப் ஒன்று பார்த்துத் தருவீங்களா?" இங்கே ஜீப் என்றால் கொஞ்சம் உயரமாக நிற்கிற எந்த வாகனமும்தான். ஹொண்டா வெசலும் ஜீப், பிராடோவும் ஜீப். குழப்பம் இதிலேயே தொடங்கிவிடுகிறது.

விலையைக் கேட்டதும் தலை சுற்றும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. திறந்த பிறகும் வரி லேசானதல்ல. ஐந்து வருடம் புது வாகனம் வராததால், உங்கள் ஊரில் பழைய இரும்புக்குப் போகும் வயதுள்ளது இங்கே தங்கம் போல விற்கிறது. டொலரில் மாற்றிப் பார்த்து மனம் புழுங்குவதில் பயனில்லை.

வாங்கும் முன் எங்கே ஓடப்போகிறீர்கள் என்று யோசியுங்கள். நகரம், நிலாவெளி, கன்னியா என்று ஓடுபவருக்குச் சாதாரண கார் தாராளம். மூதூருக்கும் இப்போது வண்டியைப் பாதையில், அதாவது வாகனம் ஏற்றும் மிதவையில், ஏற்றி இறக்கிப் போகத் தேவையில்லை. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தாயிற்று. தம்பலகாமத்தில் வயல் வைத்திருப்பவர், வெருகல், ஈச்சிலம்பற்றின் உள்வழிகளில் மாரியிலும் போய்வர வேண்டியவர், இவர்களுக்குத்தான் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வேண்டும். அப்படியென்றால் கிராண்ட் விட்டாரா, மொன்டேரோ, பிராடோ மாதிரியானவற்றைப் பாருங்கள். எரிபொருள் செலவுக்கு மனதைத் தயார்படுத்திக்கொண்டு பாருங்கள். வெசலில் பெரும்பாலானவை முன் சக்கரம் மட்டும் இழுப்பவை. உயரமாக நிற்கிறதே என்று சேற்றில் இறக்கினால் டிராக்டர்காரரைத்தான் கூப்பிட வேண்டிவரும். ஆனால், முழங்கால் வலிக்கும் அம்மா குனியாமல் ஏறி இறங்க உயரமான சீற் வேண்டும் என்று ஒருவர் சொன்னார். ஜீப் வாங்க நான் கேட்ட காரணங்களில் அதுதான் நேர்மையானது.

இனி முக்கியமான விஷயம். இந்த ஊரில் வாகனத்தை மேலிருந்து பார்க்கக்கூடாது, கீழிருந்து பார்க்க வேண்டும். மூன்று பக்கமும் கடல், காற்றிலேயே உப்பு. நான் முதலில் வாங்கிய டீசல் ஜீப் மினுமினுவென்றிருந்தது; அடிப்பக்கமும் புதுக் கறுப்புப் பூச்சு. "எவ்வளவு கவனமாக வைத்திருக்கிறார்" என்று நானே விற்றவரை மெச்சினேன். ஆறு மாதத்தில் சேர்விஸ் ஸ்டேஷன் பையன் தண்ணீர் பீய்ச்சியபோது பூச்சோடு சேர்ந்து சேஸியின் தகடும் அப்பளம் போல உதிர்ந்தது. கடற்கரையில் படகு இழுத்த வண்டி அது என்று பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து, பழைய வண்டியில் புதுக் கறுப்புப் பூச்சைக் கண்டால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

ஆகவே, வண்டியின் அடியில் நின்று பார்க்கும் குழி (பிட்) உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள். விற்பவர் "நேரமில்லை" என்றால் உங்களுக்கும் அந்த வண்டி தேவையில்லை. ஸ்குரூ டிரைவர் பிடியால் சேஸியைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்னும், அரித்த இடம் பொத்தென்று கேட்கும். பிரேக் குழாய்கள், ஷொக் அப்சோபர் பொருத்திய இடங்கள், பின் சக்கர வளைவின் உட்பக்கம், ஸ்பெயார் ரயரைத் தூக்கினால் தெரியும் பள்ளம், இவை நான்கையும் விடவே விடாதீர்கள். கண்டி, குருநாகல் பக்கம் ஓடிய வண்டியின் அடிப்பாகம் நம் ஊர் வண்டியைவிடச் சுத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். போய்ப் பார்க்கும் பஸ் செலவு வீண்போகாது.

உப்புக்கு அடுத்தது வெள்ளம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் நாடு முழுக்க எத்தனையோ வாகனங்கள் மூழ்கின. கழுவிக் காய வைத்தவை சந்தைக்கு வராமலா போகும்? சீற் பெல்ற்றை முடிவு வரை இழுங்கள். சேற்றுக் கோடு அங்கேதான் ஒளிந்திருக்கும். காப்பெற்றைத் தூக்கி மணந்து பாருங்கள். சீற்றைத் தரையோடு பூட்டிய ஆணிகள் துருப்பிடித்திருந்தால் கேள்வி கேளுங்கள். ஹைபிரிட் என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும்: பெரிய பற்றரி பெரும்பாலும் பின்பக்கத்தில் தாழ்வாகத்தான் இருக்கும். அதை மாற்றும் செலவு உங்கள் பேரம்பேசிய இலாபம் முழுவதையும் விழுங்கிவிடும்.

திருத்துவது பற்றியும் ஒரு சொல். ஜப்பான் வண்டி என்றால் இங்குள்ள கராச்சுகளில் கை பழகியவர்கள் உண்டு. இல்லாத பாகத்தைக் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் சொல்லி பஸ்ஸில் ஏற்றுவிக்கலாம். ஐரோப்பிய வண்டி என்றால் ஒரு சென்சருக்காகவே 260 கிலோமீற்றர் போகவேண்டி வரலாம். புதுவகை டீசல் என்ஜினுக்குச் சுப்பர் டீசல் அடிப்பது நல்லது. சீனக்குடாவில் அத்தனை எண்ணெய்த் தாங்கிகள் நிற்பதால் நமக்கு ஒரு சதமும் குறையாது, அந்த நினைப்பு வேண்டாம்.

கடதாசி வேலையில் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் தடுமாறும் இடம் "ஓப்பின் பேப்பர்". விற்றவர் பெயரை மாற்றாமல் கையெழுத்து வைத்த படிவத்தோடு வண்டி நாலு கை மாறியிருக்கும். பதிவுப் புத்தகத்தில் உள்ளவர் யாரென்றே விற்பவருக்குத் தெரியாது. விலை குறைவு என்று இதில் இறங்காதீர்கள். புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் முடிந்த கடிதம் கைக்கு வரும்வரை முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம். என்ஜின் இலக்கம், சேஸி இலக்கம், நிறம் மூன்றையும் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். பழைய டீசல் ஜீப்புகளில் என்ஜின் மாற்றியிருப்பது சகஜம், அது பதிவாகியிருக்க வேண்டும். வருடாந்த வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் கேட்பார்கள். காப்புறுதியில் வெள்ளத்துக்கும் பாதுகாப்பு சேர்ந்திருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

மீற்றரை நம்பாதீர்கள். ஜப்பானிலிருந்து பழையதாக வந்த வண்டி என்றால் அங்கே ஏலம் விடும்போது வண்டியின் நிலையை எழுதிய ஏலத் தாளைக் கேளுங்கள். அதில் ஆர் என்ற தரம் இருந்தால் அடிபட்டுத் திருத்தியது என்று பொருள். ஓட்டிப் பார்ப்பதைக் காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது செய்யுங்கள். நீங்கள் வருமுன்னே சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லித் திரும்புங்கள்.

எல்லாம் சரி, பேரமும் படிந்தது என்றால், பணத்தை எண்ணும் முன் இரண்டாவது சாவியைக் கேளுங்கள். பொத்தான் அழுத்தி ஸ்ரார்ட் பண்ணும் வண்டிகளுக்கு ஒரு சாவி செய்விப்பதே பெருஞ்செலவு. "வீட்டில இருக்கு, நாளைக்குத் தாறன்" என்பார்கள். அந்த நாளை வரும்வரை கொஞ்சப் பணத்தை உங்கள் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள்.