பிரெத் ஆஃப் தி வைல்டு முடித்தாயிற்று, அடுத்து எதை ஆடலாம்?

2017-ல் வந்த 'செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்டு' ஆடி முடித்தவர்கள் எல்லோரும் தேடுவது ஒன்றைத்தான், இதே மாதிரி இன்னொரு கேம். அதன் தொடர்ச்சியான 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' 2023-ல் வந்தது. அதை ஆடவில்லை என்றால் முதலில் அதுதான், யோசிக்கவே வேண்டாம். அதையும் முடித்துவிட்டுத் தேடுகிறவர்களுக்குக் கீழே சொல்கிறேன்.

'ஓப்பன் வேர்ல்டு', அதாவது இஷ்டப்படி சுற்றித் திரியும் பெரிய உலகம், என்று போட்டுத் தேடாதீர்கள். அப்படி வருகிற கேம்களில் பலவற்றில் மேப்பைத் திறந்தாலே ஐகான்கள் மொய்க்கும், ஒவ்வொன்றாகப் போய் டிக் அடிப்பதுதான் வேலை. செல்டாவில் எது உங்களைக் கட்டிப்போட்டது என்று முதலில் யோசியுங்கள், அதை வைத்துத் தேடுங்கள்.

எனக்கு அது ஏறுவது. கோத்தகிரிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், கோடநாடு வியூ பாயிண்டில் மூடுபனி விலகி ரங்கசாமி மலை தெரிந்ததும் எந்தப் பக்கமாக ஏறலாம் என்று கண் தானாகத் தேடுமே, செல்டாவில் அந்த ஆசைக்கு யாரும் தடை போடுவதில்லை, மழை பெய்தால் பாறை வழுக்கும், அவ்வளவுதான். இந்த ருசி வேண்டுமென்றால் 2019-ல் வந்த 'எ ஷார்ட் ஹைக்' எடுங்கள். சின்னத் தீவு, ஒரு பறவைப் பெண், நடுவில் ஒரு சிகரம். தங்க இறகு சேரச் சேர இன்னும் உயரம் ஏறலாம், அங்கிருந்து சிறகை விரித்து மிதந்து இறங்கலாம். பெரிதாக வேண்டுமென்றால் 'இம்மார்ட்டல்ஸ் ஃபீனிக்ஸ் ரைசிங்': கிரேக்கப் புராணம், ஏற ஏறக் குறையும் ஸ்டாமினா (தெம்பு), புதிர் அறைகள் என்று செல்டாவுக்கு ரொம்பக் கிட்ட வரும். போன் மட்டும்தான் இருக்கிறதா? 'கென்ஷின் இம்பாக்ட்' இலவசம், ஏறலாம், பறக்கலாம், ஆனால் புதுக் கேரக்டர்களைக் குலுக்கல் முறையில்தான் தருவார்கள், அதில் காசை விடாமல் ஆடுங்கள்.

தனிமையும் அமைதியும்தான் பிடித்தது என்றால் 'சேபிள்'. பாலைவனம், மிதக்கும் பைக், சண்டையே கிடையாது.

யாரும் சொல்லித் தராமல் நாமே கண்டுபிடிப்பதுதான் சுகம் என்பவர்களுக்கு 'அவுட்டர் வைல்ட்ஸ்'. இதில் லெவல் ஏறாது, ஆயுதம் சேராது, உங்களுக்குத் தெரிந்தது மட்டும்தான் கூடிக்கொண்டே போகும், அதனால் வாங்குவதற்கு முன் ரிவியூ எதையும் படித்துவிடாதீர்கள். அதே 2019-ல் 'அவுட்டர் வேர்ல்ட்ஸ்' என்று வேறொன்றும் வந்தது, பெயரைப் பார்த்து வாங்குங்கள். 'எல்டன் ரிங்'கும் இந்த வகைதான், மலை ஏற முடியாது, ரொம்பக் கஷ்டமும் கூட, ஆனால் தொடக்கத்திலேயே எதிர்ப்படும் தங்கக் கவசக் குதிரை வீரனிடம் மோதாமல் சுற்றிக்கொண்டு போய்விடலாம், அந்தச் சுதந்திரம் அப்படியே செல்டாதான்.

செல்டாவில் புல்லைக் கொளுத்தினால் வரும் அனல்காற்றில் மேலே பறப்பது, இடி இடிக்கையில் மின்னலுக்குப் பயந்து இரும்பு வாளைக் கழற்றிவிட்டு ஓடுவது, இதற்குச் சமமாக 'டியர்ஸ்' தவிர வேறொன்றை நான் பார்க்கவில்லை. 2டி பரவாயில்லை என்றால் 'நோய்ட்டா' ஆடிப் பாருங்கள், தீ, தண்ணீர், அமிலம் என்று அதில் ஒவ்வொரு பிக்சலும் இயற்பியலுக்குக் கட்டுப்பட்டது.

சரி, கம்ப்யூட்டர் கேம்கள் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் வாங்கினால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் ரீஃபண்ட் கிடைக்கும். டவுன்லோடு ஆகிற நேரம் அந்த 2 மணியில் சேராது, ஆனால் 14 நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதனால் நம் மலையில் மழை பிடித்து கரண்டும் நெட்டும் போய்ப் போய் வருகிற வாரத்தில் பெரிய கேம் எதையும் வாங்க வேண்டாம். 'எ ஷார்ட் ஹைக்' அந்த 2 மணிக்குள்ளேயே முடிந்துவிடலாம். அதற்கு மட்டும் ரீஃபண்ட் கேட்காதீர்கள், பெரும்பாலும் ஒரே ஆள் உட்கார்ந்து செய்த கேம் அது.