கிளையன்டுக்காகத் தனி நிகழ்ச்சி: எங்கே சறுக்குகிறோம்?

ஒரு ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடிக்கு நம்மைப் போன்ற ஊடக நிறுவனத்திடம் அரைப்பக்க விளம்பரம் கொடுத்தால் வேலை எளிது. ஆர்.ஓ. (விளம்பரத்தை வெளியிடச் சொல்லும் ஆர்டர்) வரும், டிசைன் வரும், அச்சாகும், பில் போகும். அதே கடை, "வெறும் விளம்பரம் வேண்டாம், எங்களுக்கென்று ஏதாவது செய்யுங்கள்" என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஐந்து ஊர்களில் கோலப்போட்டி, பண்பலையில் ஆர்ஜே பேச்சு, யூடியூபில் சில வீடியோக்கள், இதழில் சிறப்புப் பக்கம், கடைசியில் பரிசளிப்பு விழா. இதை நடத்துகிறவர் பாதி நாள் விற்பனையாளர், மீதி நாள் கல்யாண மண்டப மேனேஜர். பெரும்பாலான தவறுகள், இதையும் விளம்பர இடம் விற்பது போலவே நினைத்து விற்பதில்தான் ஆரம்பிக்கின்றன.

இலவசமாகச் சேர்த்துக் கொடுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பேரம் முடிகிற நேரத்தில் விற்பனைப் பிரிவு, "சரி சார், ஆர்ஜே ஒரு நாள் கடைக்கே வந்து லைவ் பண்ணுவார், அதற்குத் தனியாகப் பணம் வேண்டாம்" என்று சொல்லிவிடும். ஒப்பந்தத்தில் அந்த வரிக்கு எதிரே பூஜ்யம் ரூபாய். ஆனால் ஆர்ஜேவின் வழக்கமான நிகழ்ச்சிக்கு மாற்று ஆள், வெளி ஒலிபரப்புக்கு இன்ஜினீயர், வண்டி, சாப்பாடு எல்லாம் பூஜ்யத்தில் வராது. அதைவிடப் பெரிய பிரச்சினை, அந்த வரிக்குப் பொறுப்பாளர் என்று யாரும் கிடையாது. காசு கொடுத்து வாங்கியதை மறந்தாலும் மறப்பாரே தவிர, இலவசம் என்று சொன்னதை எந்த கிளையன்டும் மறப்பதில்லை!

தொலைக்காட்சியில் இன்னொரு வரம்பும் உண்டு. கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம்தான் விளம்பரம். அதிலும் 2 நிமிடம் சேனலின் சொந்த விளம்பரத்துக்கு. தீபாவளி வாரத்தில் அந்த நேரம் முன்பே விற்றுத் தீர்ந்திருக்கும். அப்போது போய் போனஸ் ஸ்பாட் (இலவசமாகக் கூடுதல் விளம்பரம்) தருகிறோம் என்று வாக்குக் கொடுத்தால், அது நள்ளிரவுக்குப் பிறகுதான் ஓடும். எனவே திட்டம் கிளையன்ட் கைக்குப் போகும் முன்பே நிகழ்ச்சிப் பிரிவு, டிஜிட்டல், நிகழ்வு ஒப்பந்தக்காரர் மூவரும் தங்கள் வரிகளைப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். எத்தனை வீடியோ, எத்தனை விநாடி, எந்தத் தேதி, எத்தனை முறை திருத்தலாம் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

அடுத்தது பரிசு. தமிழ்நாட்டில் வேலை செய்பவர்களே இதில் கோட்டை விடுவதுதான் ஆச்சரியம். தேசிய அளவிலான போட்டிகளில் "தமிழ்நாட்டில் வசிப்பவர்களுக்குப் பொருந்தாது" என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும், பார்த்திருப்பீர்கள். காரணம், 1979-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம். பொருள் வாங்கியவர்களில் சிலரைக் குலுக்கல் மூலமோ வேறு வகையிலோ தேர்ந்தெடுத்துப் பரிசு கொடுப்பதை அது தடுக்கிறது. மும்பை விளம்பர ஏஜென்சி ஒன்று "ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு கூப்பன், கடைசியில் குலுக்கலில் கார்" என்று திட்டம் அனுப்பும். இங்கே உள்ளவர் அதை அப்படியே மொழிபெயர்த்து ஒலிபரப்பிவிடுவார். பில்லோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத, நடுவர்கள் மதிப்பெண் போடுகிற திறமைப் போட்டியாக மாற்றுவது ஒரு வழி. வாங்கிய அனைவருக்கும் ஒரே அன்பளிப்பு என்பது இன்னொரு வழி. எதுவானாலும், போட்டி விதிகளை ஒரு வக்கீல் படித்த பிறகுதான் அறிவிப்பு வெளியே போக வேண்டும்.

போட்டி சட்டப்படி சரியாக இருந்தாலும் வரி காத்திருக்கிறது. பரிசுத் தொகை 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீதம் பிடித்தம் செய்ய வேண்டும். பணமாக இருந்தால் கழித்துக்கொண்டு கொடுத்துவிடலாம். பொருளாக இருந்தால் வரி கட்டப்பட்டதை உறுதி செய்த பிறகே பரிசை ஒப்படைக்க முடியும். 8 லட்ச ரூபாய் கார் என்றால் வரி மட்டும் 2.4 லட்சம். மேடையில் சாவியை வாங்கிக்கொண்டு கையசைத்த குடும்பத்திடம், மறுநாள் போனில் இந்தத் தொகையைச் சொல்லும் வேலை யாருக்கும் வரக்கூடாது. வரி யார் பொறுப்பு என்பதை முதல் அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, "விளம்பரம் மாதிரியே தெரியக்கூடாது" என்ற கோரிக்கை. கேட்பது கிளையன்டின் உரிமை, ஒப்புக்கொள்வதுதான் தவறு. காசு வாங்கிச் செய்த வீடியோவில் அது விளம்பரம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் இன்ஃப்ளூயன்சர்களுக்கு 2021-இல் கொண்டுவந்த நெறிமுறை. அதற்கும் மேலே 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். பொருளைப் பரிந்துரைக்கும் முகத்துக்கும் இது பொருந்தும். அவர் விளம்பரங்களில் தோன்றுவதற்கே தடை வரலாம். வந்த விளம்பரத்தை வழக்கமான தொழிலாக அப்படியே வெளியிட்டவருக்குச் சட்டத்தில் கொஞ்சம் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் ஸ்கிரிப்டை நீங்களே எழுதி, உங்கள் ஆர்ஜேவே பேசியிருக்கும்போது "நாங்கள் வெளியிட்டோம், அவ்வளவுதான்" என்ற வாதம் எடுபடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

துறைக்குத் துறை கண்ணியும் மாறும். வீட்டுமனைக் கண்காட்சி என்றால், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு தேவைப்படும் திட்டம் ஒவ்வொன்றுக்கும் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் விளம்பரத்தில் இடம்பெற வேண்டும். பயிற்சி மையம் என்றால், தேர்ச்சி பெற்ற மாணவரின் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் அவர் படத்தைப் போடக்கூடாது. 2024-இல் வந்த வழிகாட்டுதல் அது. சித்த வைத்தியசாலை சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாகப் பேட்டி கொடுக்க விரும்பினால், அப்படி விளம்பரம் செய்வதைத் தடுக்கும் 1954-இன் மருந்து மற்றும் மாய நிவாரணச் சட்டம் என்று ஒன்று இருப்பதை நினைவில் வைத்துக்கொண்டு மறுத்துவிடுங்கள். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடுவது, ஸ்டாலில் கோலப்போட்டிக்காக வாங்கிய போன் நம்பர்களை அப்படியே கடைக்குக் கொடுப்பது இரண்டும் எல்லாரும் செய்கிறார்கள் என்பதால் சரியாகிவிடாது. முதலாவதற்கு உரிமம் வேண்டும், இரண்டாவதற்கு நம்பரை எழுதிக் கொடுத்தவரின் சம்மதம் வேண்டும்.

இனி மனிதர்கள். குடும்பம் நடத்தும் கடைகளில் மார்க்கெட்டிங் மேலாளர் எல்லாவற்றுக்கும் ஓகே சொல்வார். வீடியோ தயாராகி, அறிவிப்புக்கு முந்தின இரவு அது முதலாளி வீட்டு வாட்ஸப் குழுவுக்குப் போகும். "லோகோ சின்னதாக இருக்கே", "அண்ணியின் புடவை கலர் சரியில்லை" என்று அங்கிருந்து திருத்தங்கள் கிளம்பும். மேலாளரைக் குறை சொல்லிப் பயனில்லை, கடைசி வார்த்தை அவருடையது இல்லை. முதல் கூட்டத்துக்கே அந்தக் கடைசி வார்த்தைக்குச் சொந்தக்காரரை வரச் சொல்ல வேண்டும். வரமாட்டார் என்றால், ஸ்கிரிப்ட் நிலையிலேயே அவருக்குப் படித்துக் காட்டி ஒப்புதலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்வது நல்லது. படப்பிடிப்புக்குப் பிறகு வரும் மாற்றத்துக்குத் தனிக் கட்டணம் என்று எழுதியிருந்தால் பாதி மாற்றங்கள் தானாகவே நின்றுவிடும்.

விழா முடிந்த மறுநாளே குழு அடுத்த கிளையன்டுக்குத் தாவிவிடும். ஒலிபரப்புச் சான்றிதழ், ஏர் செக் (ஒலிபரப்பானதன் பதிவு), வெளியான பக்கங்கள், ஸ்டால் புகைப்படங்கள், வீடியோ பார்வைகளின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் நான்கு பேரின் போனில் சிதறிக் கிடக்கும். இரண்டு மாதம் கழித்து ஏஜென்சியின் கணக்குப் பிரிவு ஆதாரம் கேட்கும்போது ஒருவர் வேலையை விட்டே போயிருப்பார், பில் நின்றுவிடும். நிகழ்ச்சி நடக்கும்போதே, அன்றன்றைய ஆதாரத்தை அன்றன்றே ஒரே ஃபோல்டரில் போட ஒருவரை நியமியுங்கள். முன்பணம் பாதி, விழாவுக்கு முன் கால் பங்கு, அறிக்கை கொடுத்ததும் மீதி என்று தவணையைப் பிரித்துக்கொண்டால், ஆதாரம் ஏதாவது விடுபட்டாலும் தொங்கி நிற்பது அந்தக் கடைசிக் கால் பங்கு மட்டும்தான்.